காட்டுமாட்டின் இடது கொம்பு

ஒரு பரிசுக்கு மூன்று பேர் மல்லுக்கு நிற்கும் கதைகள் ஏராளம். இது, யாருக்கும் வேண்டாத ஒரு குண்டை ஆளுக்கொரு காலத்தில் "என்னுடையது" என்று சொன்ன அண்ணன் தம்பியின் கதை. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், கடைசியில் தீர்ப்பு உங்களிடம்தான் வரும்.

பழனி மலைச் சரிவில் காப்பித் தோட்டம் வைத்திருந்த குடும்பம். வேட்டைக்குத் தடை வருவதற்கு முந்தைய காலம். மற்றவர்கள் திருவிழாவுக்குக் கிளம்புவதுபோல அவர்கள் குடும்பத்தோடு வேட்டைக்குக் கிளம்புவார்கள். மூத்தவர் தனுஷ்கோடி, தம்பி ரத்தினவேலு, தனுஷ்கோடியின் மனைவி சொர்ணம். அண்ணனின் ரைஃபிளுக்குத் தடித்த தோட்டா, தம்பியின் ரைஃபிளுக்கு மெல்லிய தோட்டா. சொர்ணத்துக்கு மாமனார் விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கி. அதில் போடுவது உருண்டையான ஈயக் குண்டு.

துப்பாக்கியோடு மாமனார் ஒரு சட்டத்தையும் விட்டுப் போயிருந்தார். முதல் ரத்தம் யார் குண்டில் வந்ததோ, கொம்பு அவருக்கு. விலங்கு காயத்தோடு புதருக்குள் ஓடிவிட்டால், அதே ஆள் தனியாக உள்ளே போய் அதை முடிக்க வேண்டும். விலங்கு விழுந்துவிட்டால் "என் குண்டு, என் குண்டு" என்று ஒரே கூச்சல்தான். ரத்தினவேலு ஒரு முயலைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். சொர்ணமும் சளைத்தவள் இல்லை. ஒருமுறை தான் காயப்படுத்திய பன்றியின் பின்னால், கணவன் கையைப் பிடித்து இழுத்தும் கேளாமல், தனியாகப் போய் முடித்துவிட்டு வந்தவள்.

கடைசி வேட்டையில் ஒரு காட்டுமாடு வந்தது. அதன் வலப்பக்கத்தில் சகோதரர்கள். இடப்பக்கம், உயரமான பாறைமேல் சொர்ணம். மூன்று துப்பாக்கிகளும் ஒன்றாக வெடித்தன. இரட்டைக்குழல் உதைத்ததில் சொர்ணம் பின்னால் சாய்ந்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது மாடு மூங்கிலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது, வழியெல்லாம் ரத்தம். அவள் சுட்டது மூங்கிலில் போய்விட்டதாகத் தனுஷ்கோடி சொன்னார்.

"என் குண்டு. நீங்க ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க."

ரத்தினவேலு வாயே திறக்கவில்லை. தனுஷ்கோடி உள்ளே போனார். ஒரு வெடிச்சத்தம், அதன்பின் மூங்கில் முறியும் சத்தம். ரத்தினவேலு ஓடிப்போய் மாட்டை நெஞ்சில் சுட்டு வீழ்த்தினார். அண்ணனைத் தோளில் சுமந்துகொண்டு வெளியே வந்தபோது உயிர் இல்லை.

அந்த மௌனம்தான் சொர்ணத்தை உறுத்தியது. முயலுக்குச் சண்டை போடுகிற மனுஷன் காட்டுமாட்டுக்கு ஏன் பேசாமல் நின்றார்? தன் குண்டு என்று தெரிந்துதான். உள்ளே போகப் பயந்து அண்ணனை அனுப்பிவிட்டார். அதற்குத் தோதாக, மாட்டுத் தலையைப் பாடம் செய்ய அவரே அவசர அவசரமாக எடுத்துப் போனார். இடது கொம்பின் அடியில் கறுப்பு மெழுகு பூசித் திரும்பி வந்தது. கூடத்துச் சுவரில் மாட்டிய பிறகும் யாரையும் தொடவிடவில்லை. தோட்டத்தின் மறுகோடியில் இருந்த தன் வீட்டிலிருந்து வந்து, ஏணி போட்டு அவரே துடைத்தார். சொர்ணம் கீழே நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். திருடனைக் காவல் காப்பதுபோல முப்பது வருடம் காத்தாள்.

பிறகு ரத்தினவேலுவுக்கு மனைவி போனாள், முழங்காலும் போயிற்று. கடைசிக் காலத்தைப் பிறந்த வீட்டில் கழிக்க ஓர் அறை கேட்டு வந்தார். சொர்ணம் மாட்டுத் தலையை முன்னதாகவே இறக்கிவைத்திருந்தாள். இடது கொம்பின் மெழுகுக்குள்ளே இருப்பது தடித்த தோட்டா என்றால் அறை உண்டு, மெல்லியது என்றால் இந்த வாசலை மறந்துவிட வேண்டும் என்றாள். சொல்லிக்கொண்டே அந்தக் கொம்பைத் திருகினாள். பூச்சி அரித்த கொம்பு கழன்றது, உள்ளிருந்து ஏதோ தரையில் விழுந்தது. வளையாத முழங்காலை வளைத்து, ரத்தினவேலு அதைப் பாய்ந்து எடுத்து முஷ்டியை மூடிக்கொண்டார்.

"என் குண்டுதான் மதினி. அண்ணன் செத்தது என்னாலதான். நான் போயிடறேன்."

முப்பது வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. ஆனால் இத்தனை காலம் அவரை நம்பாதவள் இதை மட்டும் நம்பிவிடுவாளா?

"கையைத் தொறங்க தம்பி."

திறந்தார். ஒரு பக்கம் நசுங்கிய, உருண்டையான ஈயம்.

சொர்ணம் அதை வாங்கி விரலால் உருட்டிப் பார்த்தாள், அவளுடைய இரட்டைக்குழலில் போடுகிற குண்டு. அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். அவரும் சொன்னார். ஈயம் பட்டு இடது கொம்பின் அடி பிளந்து ரத்தம் வந்ததையும், தங்கள் தோட்டா இரண்டும் தவறிப்போனதையும் சகோதரர்கள் இருவருமே பார்த்திருக்கிறார்கள். ரத்தினவேலு வாய் திறக்கப்போக, அண்ணன் கண்ணால் அடக்கிவிட்டார். தெரிந்தால் அவள் சட்டப்படி உள்ளே போய்விடுவாள் என்று இருவருக்கும் தெரியும். அவளுக்கு ஒருநாளும் தெரியக்கூடாது என்பதுதான் மூங்கிலுக்குள் போகுமுன் அண்ணன் தம்பியிடம் வாங்கிய சத்தியம். கொம்புக்குள் புதைந்த ஈயத்தை எடுக்க முடியாமல்தான் மெழுகு பூசி மறைத்திருக்கிறார்.

"போயிருக்க வேண்டியது நான்," என்றாள் சொர்ணம். "எனக்காக நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ண யாரு சொன்னா?"

பொய் சொல்லி அவளுக்குப் பதிலாகச் சாகப்போன தனுஷ்கோடி. சத்தியத்துக்காகப் பழி சுமந்து, கடைசியில் அதே பொய்யைத் தானும் சொன்ன ரத்தினவேலு. என் சாவை எனக்கே விட்டிருக்க வேண்டும் என்கிற சொர்ணம். சொல்லுங்கள், இவர்களில் யார் பக்கம் நியாயம்?

விடை: ரத்தினவேலு பக்கம். தனுஷ்கோடி மனைவியின் உயிரைக் காப்பாற்றினார், ஆனால் அவளைக் கேட்காமல் காப்பாற்றினார். சொர்ணத்தின் கேள்வி அவரைத்தான் குத்தும். ரத்தினவேலு தானாக யாருடைய முடிவையும் பறிக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் மிஞ்சியதைச் சுமந்தார். தன் குண்டுதான் கணவனைக் கொன்றது என்று அன்றே தெரிந்திருந்தால் சொர்ணம் பிழைத்திருக்க மாட்டாள். வெறுப்பதற்கு ஓர் ஆள் இருந்ததால் பிழைத்தாள், அந்த ஆளாக அவர் இருந்துகொடுத்தார். அறை அவருக்குக் கிடைத்தது. மன்னிப்பு மட்டும் அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தன் கணவன்மேல் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கோபம் வந்திருந்தது.