கீழ் அடுக்கு

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பத்து மூன்று. உலோகப் பொடியை லேசரால் உருக்கி, அடுக்கு மேல் அடுக்காகப் பொருள் செய்யும் கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் இப்படித்தான் அமைந்துவிட்டது. யாரால் என்ன செய்ய முடியும்?

சீடர் ஆறுச்சாமி இருபத்தெட்டு வருடம் ஃபவுண்டரியில் இரும்பு வார்த்தவர். உருகிய இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். ஃபவுண்டரியை மூடியதும் இங்கே வந்தார்.

குரு நஸ்ரின் அவருக்கு மூன்று கம்பிகள் செய்யச் சொல்லியிருந்தார். லேசரின் சக்தி முதலான இயந்திர அளவுகளை முதலில் ஆறுச்சாமியே வைத்துப் பார்க்க வேண்டும். இருபுறமும் இழுத்துப் பார்க்கும் இழுவைச் சோதனையில் ஒரு கம்பியாவது தாங்கினால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இரண்டு உடைந்துவிட்டன. அதுவும் பிஸ்கட் மாதிரி.

ஆறுச்சாமிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனால் விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, உடைந்த துண்டோடு நஸ்ரினின் மேசை முன் நின்றார்.

“மேடம், இதுவரைக்கும் கத்துக்கிட்டதையெல்லாம் மறந்தாத்தான் இந்த வேலை வருமுங்களா?”

நஸ்ரின் கையை நீட்டினார். துண்டை வாங்கி அறுத்தார். கண்ணாடிபோல் ஆகும்வரை தேய்த்தார். அமிலம் தடவிக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தார். பக்கத்திலேயே, தான் செய்த கம்பியிலிருந்து ஒரு துண்டு.

“பாருங்கண்ணா.”

ஆறுச்சாமி முதலில் தன்னுடையதைப் பார்த்தார். அடுக்குகள் தனித்தனியாகக் கிடந்தன. நடுவே கறுப்புச் சந்துகள், அவற்றில் உருகாத பொடி. உறைந்த உலோகத்தின் நுண்ணிய மணிகளில், ஒரு அடுக்கின் மணிகளுக்கும் அடுத்த அடுக்கின் மணிகளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

நஸ்ரினின் துண்டிலும் அடுக்குக் கோடுகள் இருந்தன. ஆனால் உலோக மணிகள் அந்தக் கோடுகளை மதிக்கவே இல்லை. கீழ் அடுக்கில் தொடங்கிய மணி, பத்துப் பதினைந்து அடுக்கைத் தாண்டித் தூண்போல மேலே ஏறியிருந்தது.

லேசரின் சக்தியை ஏன் குறைத்தீர்கள் என்று நஸ்ரின் கேட்டார்.

“நல்லா உறைஞ்சு நிக்கறதை எதுக்குங்க மறுபடியும் உருக்கறது? புதுப் பொடி மட்டும் உருகினாப் போதும்னு நினைச்சேன்.”

“அது உருகுச்சு. ஆனா கீழ இருக்கறதோட ஒட்டலை.”

ஆறுச்சாமி மறுபடி குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து நேராக இயந்திரத்திடம் போனார். வந்த வேகத்தில் சக்தியை உச்சத்தில் வைத்துவிட்டார். நஸ்ரின் பின்னாலேயே வந்து, அவர் கையை விலக்கி, அளவைப் பாதியளவு இறக்கினார். கீழே இரண்டு அடுக்கு ஆழம் உருகினால் போதும் என்றார்.

ஆறு மணி நேரம் ஆறுச்சாமி இயந்திரத்தின் ஜன்னலை விட்டு நகரவில்லை. பொடி பரவும். ஒளி ஓடும். உருகியது கண் இமைப்பதற்குள் உறைந்துவிடும். மறுபடி பொடி பரவும். சாப்பிடக் கூப்பிட்டவர்களை முறைத்தார்.

மாலையில் மூன்றாவது கம்பியை இழுவை இயந்திரத்தில் மாட்டினார்கள். திரையில் இழுவிசையின் எண் ஏறியது; முதல் இரண்டும் உடைந்த எண் வந்தது, கடந்தது. வேண்டிய எண்ணையும் தாண்டியது. கம்பி நடுவில் இளைத்து, நீண்டு, அதற்கப்புறம்தான் அறுந்தது.

ஆறுச்சாமிக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“காத்தால கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலீங்களே, மேடம்.”

நஸ்ரின் அறுந்த கம்பியைக் கழற்றி, இழுபட்டதில் சூடாகியிருந்த அதை அவர் கையில் கொடுத்தார்.

“கீழ இருந்ததுல கொஞ்சந்தானுங்கண்ணா உருகுச்சு. மிச்சத்தைப் புடிச்சுத்தான் புதுசு வளர்ந்துச்சு.”