வாலாட்டிய கல்

கல்லும் கோளும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே கற்களின் தெரு ஒன்று இருந்தது. தெருவுக்கு நாட்டாமை வியாழன். ஆள் பருமன், அதிகாரம் அதைவிடப் பருமன். வால் என்பது தொலைவிலிருந்து வரும் வால்வெள்ளிகளுக்கு மட்டுமே, கற்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது அவர் சட்டம். மீறினால் தெருவைவிட்டே தூக்கி எறிந்துவிடுவார். எறியப்பட்டவர் யாரும் திரும்பி வந்ததில்லை.

ஒச்சாயி என்ற சின்னக் கல் மட்டும் ஒதுங்கும்போதெல்லாம் முணுமுணுப்பாள். பிறந்தபோது உறைந்த பனி அவள் வயிற்றுக்குள் அப்படியே இருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் வால்வெள்ளி ஒன்று அவள் முகத்தில் வாலால் அடித்துவிட்டுப் போனது.

"தள்ளி நில்லு, வறண்ட ஜென்மம்! கல்லுக்கு ஏது ஈரம்?"

வியாழன் விழுந்து விழுந்து சிரித்தார். ஒச்சாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தெருவோடு சுற்றிச் சுற்றி, சூரியனை நெருங்கும் இடம் வந்ததும் பக்கத்துக் கல் வீரணனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, என்னை ஓங்கி ஒரு முட்டு முட்டு."

"உடைஞ்சு போயிருவ அக்கா!"

"உடைஞ்சாலும் ஒச்சாயிதான். முட்டுடா!"

கண்ணை மூடிக்கொண்டு முட்டினான். அவள் விலா பிளந்தது. வெயில் உள்ளே பாய, பனி ஆவியாகிச் சீறிக்கொண்டு கிளம்பியது. உயிர் போகிற வலி. ஆனாலும் திரும்பிப் பார்த்தாள். வால்! பளபளவென்று நீண்ட, சொந்த வால்.

"என்னடி, எங்கிட்டயே வாலாட்டுறியா?" வியாழன் கத்தினார். "ஒட்ட நறுக்கிடுவேன். சுருட்டி வை!"

"சுருட்டி வைக்கவா உடம்பைப் பிளந்துக்கிட்டேன்? நறுக்கணும்னா சூரியன் பக்கத்துல வந்து நறுக்குங்க ஐயா!"

அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு வியாழனால் தன் பாதையை விட்டு அசையக்கூட முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். சுற்றி வந்து ஒச்சாயி தெருவின் வியாழன் பக்கத்துக்குத் திரும்பியபோது குளிரில் வால் மங்கியிருந்தது. எறிவதற்காக அவளைப் பிடித்து இழுத்தார்.

வீரணன் குறுக்கே வந்து நின்றான். அவனைப் பார்த்துத் தெருவே வந்து நின்றது.

"அக்காவை எறிஞ்சா எங்களையும் எறியுங்க. எல்லாரையும் எறிஞ்சுட்டு அப்புறம் யாருக்கு நாட்டாமை பண்ணுவீங்க?"

வியாழன் தெருவை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிடியை விட்டார்.

அந்த நாள் தொட்டுத்தான், வெறும் கல் என்று வானம் பார்ப்பவர்கள் முடிவுகட்டிய சில கற்கள், சூரியன் பக்கம் வந்ததும் திடீரென்று வால் வீசுகின்றன. வீசும்போதெல்லாம் கொஞ்சம் தேய்கின்றன. தேய்ந்தால் தேயட்டும் என்று மறுபடியும் வீசுகின்றன.