கெட்டிக்காரக் கால்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற மலைப்பாதையில் ரஹமத்துல்லா மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப் இருந்தது. அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த சவரிநாயகத்துக்கு வயது மேஸ்திரியைவிட மிகவும் கூடுதல். ஆயுசெல்லாம் அதே பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இத்தனை காலம் ஓட்டிய வண்டிக்குள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க வந்து சேர்ந்திருந்தார்.

அன்று அவர் கை ஒரு வேலையிலும் நிற்கவில்லை. மகள் ஜெசிந்தா கைக்குழந்தையோடு கோயமுத்தூருக்குக் கிளம்பி நிற்கிறாள். புது வேலை. அவர் வாங்கிக் கொடுத்த பழைய காரில்தான் மலை இறங்கப் போகிறாள்.

"பிரேக் சில சமயம் உள்ளே போகுதுப்பா" என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

"உனக்கு இன்னும் கால் பழகல" என்று அவரும் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. அதுதான் அவரை வண்டியைக் கழற்றிப் பார்க்க வைத்தது.

"மேஸ்திரி, ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"நாலு சக்கரத்தையும் கழட்டிப் பார்த்துட்டேன். குழாயெல்லாம் தடவிப் பார்த்தாச்சு. ஒரு சொட்டு ஒழுகல. டப்பாவுல பிரேக் ஆயில் குறையல. குழாய்ல அடைஞ்ச காத்தையும் எடுத்துட்டேன். நான் மிதிச்சா பெடல் கல்லு மாதிரி நிக்குது. அவ மிதிச்சா இறங்குதாம். யார் சொல்றது நிசம்?"

மேஸ்திரி ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"மிதிச்சுக் காட்டுங்க."

சவரிநாயகம் ஏறி உட்கார்ந்தார். டக், டக். கொண்டை ஊசி வளைவுகளில் பழகிய கால் அது. இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அழுத்தும். பெடல் கல்லாக நின்றது.

"பாத்தீங்களா?"

"கெட்டிக்காரக் கால்தான்" என்றார் மேஸ்திரி. "இப்பத் தட்டாம மிதிங்க. மெதுவா. நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

மிதித்தார். அப்போதும் கெட்டியாகத்தான் இருந்தது.

மேஸ்திரி கதவில் சாய்ந்துகொண்டு பேச்சுக் கொடுத்தார். "பேத்தி யாரு மாதிரிண்ணே?"

"என்னை மாதிரிதான். யாரு பேச்சும் கேக்காது."

சிரிப்பு அடங்குவதற்குள் உள்ளங்காலுக்கு அடியில் என்னவோ நகர்ந்தது.

"மேஸ்திரி, போகுது!"

"போகட்டும்."

காலைத் தூக்கி இன்னொரு தட்டுத் தட்ட மனம் துடித்தது. மேஸ்திரி அவர் முழங்கால் மேல் கை வைத்தார். பெடல் சேற்றில் இறங்குவதுபோலச் சத்தமில்லாமல் இறங்கியது. கண்ணாடிக்கு அப்பால் சாலை வளைந்து கீழே போவது தெரிந்தது. அந்த வளைவுக்கு அடுத்த வளைவும், அதற்கும் கீழே இருக்கும் பள்ளமும் அவருக்கு மனப்பாடம்.

கால் தரையைத் தொட்டது.

அவர் குதித்து இறங்கி வண்டிக்கு அடியில் புகுந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாம் காய்ந்து கிடந்தது. எழுந்து வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வெளிய ஒரு சொட்டு இல்லையே! அழுத்தினதெல்லாம் எங்க போச்சு?"

"வெளிய ஏன் போகணும்? பெடல் ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பர் தேஞ்சிருக்கு. படக்குனு அடிச்சா தாங்கும். நிதானமா அழுத்துனா ஆயில் அதைத் தாண்டி, வந்த வழியே திரும்பிடும்."

ஜெசிந்தா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சாவி குடுங்கப்பா. நேரமாகுது."

சவரிநாயகம் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு பஸ்ஸுல போம்மா."

அவள் அவர் கையைப் பார்த்தாள். திறந்திருந்த கார்க் கதவைப் பார்த்தாள்.

மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் மேஸ்திரியிடம் திரும்பினார்.

"நேத்துக் கத்துக்கிட்டவ காலுக்குத் தெரிஞ்சிருக்கு. இத்தனை வருஷம் ஓட்டின காலு, எனக்கு ஏன் மேஸ்திரி தெரியல?"

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"அது இறங்குறதுக்குள்ள நீங்க காலை எடுத்துடறீங்கண்ணே."