கணவாயில் கட்டிய காப்பு

முன்னொரு காலத்தில் பொறைநாடு என்றொரு மலைநாட்டை வீரகேதன் என்ற ராஜா ஆண்டான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி அவனுக்கு. சமவெளிப் படை மூன்றே நாளில் அவன் கணவாயைப் பிடித்ததாக அந்தச் சமவெளியின் செப்பேட்டுக்காரர்கள் எழுதிவைத்தார்கள். மலைக்காரர்கள் சொல்லும் கதை வேறு.

எட்டாயிரம் பேர் ஏறி வருகிறார்கள் என்று சேதி வந்தது. இங்கே இருந்ததோ முந்நூறு வேல். மழை இறங்க எட்டு நாள் இருந்தது. இறங்கிவிட்டால் மலைப்பாதையில் ஆடுகூட ஏறாது.

"எட்டு நாள் அவர்களை யார் நிறுத்துவது?" என்றான் ராஜா.

சேனாதிபதி மாறவேள் மீசையைத் தடவினான். "நம் மந்திரி திருமேனியார்தான் மகா புத்திசாலியாயிற்றே! அவரே நிறுத்தட்டும்."

"நிறுத்தும். தவறினால் உம் தலை தங்காது" என்றான் ராஜா மந்திரியிடம், வெற்றிலையை மென்றபடி.

திருமேனி நேரே கணவாய்க்குப் போனார். அங்கே இருந்த அம்மனுக்கு வேப்பிலையும் மஞ்சளும் வைத்து, பாதையின் குறுக்கே மஞ்சள் நூல் இழுத்துக் காப்புக் கட்டினார். காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கும்வரை உள்ளே இருப்பவன் எந்தப் பக்கமும் நாட்டெல்லை தாண்டக்கூடாது. வெளியே இருப்பவன் நுழையக்கூடாது. மலையின் இரண்டு பக்கத்துச் சனத்துக்கும் அவள்தான் குலசாமி.

"நூலைக் கட்டி யானையை நிறுத்துகிறாராம்!" என்று மாறவேள் சபையில் சிரித்தான்.

மூன்றாம் நாள் எதிரிப்படை வந்தது. அரிசி சுமந்துவந்த அடிவாரத்து ஆட்கள் நூலைப் பார்த்ததும் மூட்டைகளை இறக்கிவிட்டார்கள்.

"காப்புக் கட்டியிருக்கு சாமி. ஒரு எட்டு வைக்கமாட்டோம்."

"நூலுக்கா பயம்?" என்று எதிரித் தளபதி வாளை வீசி அதை அறுத்தான்.

பாறை மறைவில் நின்ற திருமேனி தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். போயிற்று தலை! ஆனால் சுமையாட்கள், "ஐயோ, ஆத்தா காப்பையே அறுத்துட்டான்!" என்று அலறிக்கொண்டு, மூட்டைகள் செங்குத்துப் பள்ளத்தில் உருள, மலையிறங்கி ஓடினார்கள். எட்டாயிரம் பேருக்குச் சோறும் இல்லை, சுமக்க ஆளும் இல்லை. ஆனாலும் படை கணவாயில் மோதியது. முந்நூறு பேர் தளர ஆரம்பித்தார்கள்.

அதே நேரம் அரண்மனையின் பின்வாசலில் பல்லக்கு தயார். "ஓடிவிடலாம், மகாராஜா" என்றான் மாறவேள். ராஜா ஏறி உட்கார்ந்தான். பல்லக்குத் தூக்கிகள் அசையவில்லை.

"எல்லை தாண்டமாட்டோம், மகாராஜா. காப்பு."

"அப்படியானால் எங்கேதான் போவீர்கள்?"

"உள்ளே எங்கே சொன்னாலும். கணவாய்க்குக்கூட."

கோபத்தில் ராஜா, "அங்கேயே தூக்குங்கள், அந்த மந்திரியை வெட்டுகிறேன்!" என்று கத்தினான். பல்லக்கு வருவதைக் கண்ட முந்நூறு பேரும், "ராஜா சண்டைக்கே வந்துட்டார்!" என்று ஆர்ப்பரித்துப் பாய்ந்தார்கள். அந்த ஆரவாரத்தில் ராஜா உருவிய வாளை மந்திரி பக்கம் திருப்ப வெட்கப்பட்டு, எதிரி பக்கமே நீட்டினான்.

ஐந்து நாள் தாங்கினார்கள். எட்டாம் நாள் மழை கொட்டியது. பசியில் சுருண்ட படை வந்த வழியே சறுக்கி இறங்கியது.

நனைந்த தாடியோடு ராஜா கேட்டான்: "திருமேனியாரே, உண்மையைச் சொல்லும். காப்பு எதிரிக்கா, எனக்கா?"

"எதிரி ஓடினால் நமக்கு லாபம், மகாராஜா. தாங்கள் ஓடியிருந்தால் இந்த முந்நூறு பேரும் ஓடியிருப்பார்கள்."

ராஜா வாய்விட்டுச் சிரித்து, பல்லக்கோடு வந்திருந்த சேனாதிபதியைப் பார்த்தான். "மாறவேளே! பள்ளத்தில் கிடக்கும் எதிரியின் அரிசியை, ஒரு மூட்டை விடாமல், நீரே முதுகில் சுமந்துவந்து இவர்களுக்குச் சோறாக்கிப் போடும்."

பிறகு மந்திரியிடம் திரும்பினான். "உமக்கு என்ன வேண்டும்? பாதி நாடு கேட்டாலும் தருகிறேன்."

"உட்கார உத்தரவு வேண்டும், மகாராஜா" என்றார் திருமேனி. "எட்டு நாளாகக் கால் நடுங்குகிறது."