பைவாயன் கண்டுபிடித்த ஏரி

ஒரு காட்டுக் குளத்தில் கூழைக்கடாப் பறவைகள் கூட்டமாக வாழ்ந்தன. எல்லாம் சேர்ந்து வளையம் கட்டி நீந்தும், சிறகடித்து மீனை நடுவே விரட்டும், அப்புறம் அலகை முக்கி அள்ளும். அதுதான் அவற்றின் மீன்பிடி. அந்தக் குண்டு உடம்போடு தனியாளாக மீனைத் துரத்த முடியுமா என்ன?

கோடையில் குளம் வற்றத் தொடங்கியது. தலைவன் பைவாயன் தனியே பறந்து போய், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஏரியைக் கண்டுபிடித்தான். மீன் சும்மா கொப்பளித்தது! ஆனால் திரும்பி வந்தவன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவ்வளவு பெரிய வாய் இருந்து என்ன புண்ணியம்?

"விடிஞ்சதும் கிளம்பணும்!" என்றான்.

"எங்கேண்ணா?" என்று கேட்டாள் தங்கை வெள்ளைச்சி.

"அதெல்லாம் நான் யோசிச்சாச்சு. என் வாலைப் பார்த்து வாங்க, போதும்!"

"வழியில மேகம் மறைச்சா? எல்லாரும் உட்கார்ந்து பேசலாமே!"

"ஆளுக்கொண்ணு பேசினா காரியம் கெட்டுடும்! தலைவன் நானா, நீயா?"

விடிந்ததும் கூட்டம் பறந்தது. மலையுச்சியில் மேகம் சூழ்ந்தது. பைவாயனின் வால் தெரியவில்லை. போகிற இடமும் தெரியாது. பாவம், அவை என்ன செய்யும்? குளத்துக்கே திரும்பின.

பைவாயன் ஏரியில் இறங்கி, "எப்படி என் ஏரி?" என்று பெருமையாகத் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாருமே இல்லை.

நாள் கணக்காகக் காத்துக் காத்துக் கண் பூத்தது. பசி வேறு. ஒரு மீனை விரட்டினான். அது இடப்பக்கம் நழுவியது. அந்தப் பக்கம் மறிப்பவள் வெள்ளைச்சி அல்லவா! அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

வெறும் வயிற்றோடு குளத்துக்குத் திரும்பினான். குளம் காய்ந்து கிடந்தது. சேற்றில் ஒரு நண்டு மட்டும் இருந்தது.

"எல்லாரும் எங்கே?"

"உனக்காக ரொம்பக் காத்திருந்தாங்கப்பா. குஞ்சுங்க பசியில கத்தவும், வட்டமா உட்கார்ந்து பேசினாங்க. குஞ்சுகுளுவான்கூடப் பேசிச்சு! ஒரு இடம் முடிவு பண்ணிக் கிளம்பிட்டாங்க."

"எந்த இடம்?"

"கூடிப் பேசினவங்களுக்குத்தானே தெரியும்!"

பைவாயன் வானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எந்தத் திசையிலும் ஒரு வால்கூடத் தெரியவில்லை.

எல்லாரையும் கூட்டி வைத்துத் திட்டம் போடாதவன், எவ்வளவு நல்ல இடத்துக்குப் போனாலும் தனியாகத்தான் போய்ச் சேருவான்.