மங்காபேயின் வெள்ளை இமை

அந்தக் காலத்தில், மிருகங்களுக்கும் வாய்ப்பேச்சு இருந்தபோது, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஆறு கடலில் கலக்கும் காட்டில், பெயரில்லாத குரங்குக் கூட்டம் ஒன்று இருந்தது. பெயர் என்ன சோறா போடும் என்று நாம் கேட்போம். அங்கே பெயர்தான் சோறு போட்டது. அத்தி பழுத்ததும் கிளி ஒவ்வொரு கூட்டத்தையும் பெயர் சொல்லி மரத்துக்கு அழைக்கும். பெயரில்லாதவர்கள் கீழே விழுந்ததைப் பொறுக்கித் தின்ன வேண்டியதுதான்.

அந்தக் கூட்டத்தில் தவிட்டி என்றொரு பெண்குரங்கு. தாயில்லாத தம்பி சுள்ளியை முதுகில் சுமந்து வளர்த்தவள். அவன் எலும்பும் தோலுமாகக் கிடப்பதைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள், உயிர்களுக்கெல்லாம் பெயர் எழுதுகிற மனிதர் ஒருவர் கப்பலில் வந்து இறங்கினார். தவிட்டி அவரிடம் ஓடினாள்.

"ஐயா, எங்க கூட்டத்துக்கும் ஒரு பேர் எழுதுங்க."

"எழுதலாம்மா. ஆனா இந்தப் பேர் யாரோடதுன்னு கேட்டா காட்டணுமே. உங்கள்ல ஒருத்தர் எங்கிட்டயே இருக்கணும். அதுதான் எங்க வழக்கம்."

எப்படி இருக்கணும் என்று அவள் கேட்கவில்லை. பாவி, அதைக் கேட்டிருக்கலாம். மரத்தில் இருந்த தம்பியை அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டாள்.

"சுள்ளி, எறங்கி வாடா. கப்பல்ல வயிறாரச் சாப்பிடலாம்."

"பயமா இருக்குக்கா."

"நான் சொல்றேன்ல, வா."

அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சில்லை. இறங்கி வந்தான்.

கப்பல் போனது. தவிட்டி கழிமுகத்திலேயே உட்கார்ந்து அழுதாள். கண்ணீரும் கடல்காற்றும் காய்ந்து காய்ந்து அவள் இமைகளில் வெள்ளையாக உப்புப் பூத்தது. இரண்டு மழைக்காலம் கழித்து அந்த மனிதர் திரும்பி வந்தார்.

"உங்க பேர் மங்காபே. வழியில கப்பல் நின்ன ஊரோட பேர். அதுதான் உங்க ஊருன்னு நெனச்சு எழுதிட்டேன். புத்தகத்துல ஏறிடுச்சு, இனி மாத்த முடியாது."

"என் தம்பி எங்கய்யா?"

"பத்திரமா இருக்கான்மா. வைக்கோல் அடைச்சு, கால்ல பேர்ச்சீட்டு கட்டி, கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கோம். நூறு வருஷம் ஆனாலும் கெடாது."

அடுத்த முறை அத்தி பழுத்தபோது, "மங்காபே!" என்று கிளி அழைத்தது. கூட்டம் ஏறித் தின்றது. தவிட்டி ஏறவில்லை. தம்பியைக் கூப்பிட்டு இறக்கிய வாயை அவள் அதற்குப் பிறகு பேசத் திறக்கவே இல்லை. யார் எது கேட்டாலும் வெள்ளை இமையை உயர்த்திப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு முன்னால் பழம் யாருக்கும் இறங்கவில்லை. ஒவ்வொன்றாக மற்றக் குரங்குகளும் பேச்சை விட்டன.

அன்று முதல்தான் மங்காபேக் குரங்குகள் வெள்ளை இமையோடு பிறக்கின்றன, சொல்ல வேண்டியதை அந்த இமையை அசைத்தே சொல்லிக்கொள்கின்றன. நாம் எவ்வளவு அன்பாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், ஒன்றுகூட இறங்கி வருவதில்லை.