வண்டியை உருளவிட்ட சொல்

ஆலங்காட்டில் கடம்பன் என்றொரு காட்டெருமை இருந்தது. அலரி என்றொரு மந்தி அதன் தோழி. காட்டோரம் யாரோ விட்டுப்போன கூண்டு வண்டிதான் இரண்டுக்கும் வீடு. கோடையில் குளம் வற்றியதும் கடம்பன் வண்டியை இழுக்கும். அலரி கூண்டின்மேல் உட்கார்ந்து வழி சொல்லும். இரண்டும் மலைமேல் உள்ள சுனைக்குப் போய், மழை வந்ததும் திரும்பிவிடும்.

சுனையருகே ஒரு நாவல் மரம். அதில்தான் அலரியின் அக்கா இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டால் போதும், கிளையில் எழுந்து நின்று கூச்சல் போடும். அந்தக் கூச்சலைக் கேட்க அலரி வருஷம் முழுக்கக் காத்திருக்கும்.

வண்டியை நிறுத்துவதற்கு இரண்டும் ஒரு வழக்கம் வைத்திருந்தன. அலரி இறங்கி, குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைக்கும். வைத்ததும், "இருக்கு!" என்று கத்தும். அதைக் கேட்ட பிறகுதான் கடம்பன் நுகத்தடியிலிருந்து கழுத்தை எடுக்கும்.

இரண்டுக்கும் வயதாகிவிட்டது. அலரிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கடம்பனுக்குக் காது மந்தமானது. இடுப்பு வலியை அலரி காடெல்லாம் சொல்லிப் புலம்பியது. காது மந்தத்தைப் பற்றிக் கடம்பன் மூச்சு விடவில்லை.

அந்தக் கோடையில் அலரி ஒரு கட்டையை ஆப்பு மாதிரி கடித்துச் செதுக்கி, கொடியால் வண்டியின் அடியில் கட்டித் தொங்கவிட்டது.

"அண்ணே, இதைப் பாரு! காலால ஒரு தள்ளு தள்ளினா சக்கரத்துக்கு அடியில போய் உட்கார்ந்துக்கும். நான் குனியவே வேண்டாம்!"

"ம்."

"வண்டிக்குள்ள சும்மா கிடக்கிற அந்தக் கல்லுரலையும் இறக்கிடலாம். யாரு இடிக்கப் போறா? இன்னொண்ணு, மேட்டுல நிறுத்தாதே. சமதரையா பார்த்து நிறுத்து."

"சரி, சரி! என்னைக் கிழவன் ஆக்கிடாதே!"

அப்போது அந்த வழியே மான் கூட்டம் போனது. ஓர் இளமான் தொங்கும் கட்டையைப் பார்த்துச் சிரித்தது.

"என்ன தாத்தா, வண்டிக்கும் ஊன்றுகோலா?"

எல்லா மான்களும் சிரித்தன. கடம்பனுக்கு முகம் சுண்டிப்போனது. அலரி பழம் பறிக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கொடியைக் கடித்து அறுத்தது. கட்டையைக் காரைப் புதருக்குள் உதைத்துத் தள்ளியது. உரலையும் இறக்கவில்லை.

பாதி வழியில் ஓர் ஊற்று. மான்கள் அங்கே முன்னாலேயே வந்து படுத்திருந்தன. ஊற்றின் பக்கத்தில் நல்ல சமதரை இருந்தது. கடம்பன் அதைப் பார்த்தது, மான்களையும் பார்த்தது. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை மேட்டின்மேல் இழுத்து நிறுத்தியது.

"இங்கே ஏன் அண்ணே?" என்று முனகியபடி அலரி இறங்கியது. வண்டிக்கு அடியில் கை விட்டுத் துழாவியது. கட்டை இல்லை!

'கொடி அறுந்து எங்கோ விழுந்துவிட்டது போலிருக்கிறது' என்று நினைத்தது. வேறு வழியில்லாமல் ஒரு கல்லை உருட்டிக்கொண்டு சக்கரத்துக்குப் பின்னால் போனது. இடுப்பு வளையவில்லை.

"இரு... குனிய முடியலை!" என்று கத்தியது.

"இரு... கு..." என்றுதான் கடம்பனுக்குக் கேட்டது. 'இருக்கு' என்று எடுத்துக்கொண்டது. சந்தேகம் வரத்தான் செய்தது. "என்ன சொன்னே?" என்று ஒரு முறை கேட்டிருக்கலாம். மான்கள் பார்த்துக்கொண்டிருந்தன. கடம்பன் கேட்கவில்லை. கழுத்தை எடுத்தது.

வண்டி பின்னால் உருண்டது. உரலின் பாரம் அதை இன்னும் வேகமாகத் தள்ளியது. அலரி விலகப் பார்த்தது. சக்கரம் அதன் காலின்மேல் ஏறி இறங்கியது.

அந்தக் கோடையில் இரண்டும் அந்த ஊற்றைத் தாண்டவில்லை. அலரியால் அசைய முடியவில்லை. கடம்பன் தழையும் பழமும் கொண்டுவந்து போட்டது. ஒருநாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னது.

"கட்டை தானா விழலை, அலரி. நான்தான் அறுத்துப் போட்டேன். நீ சொன்னதும் சரியா கேட்கலை. எனக்குக் காது மந்தமாகி ரொம்ப நாளாச்சு."

அலரி மெல்லச் சொன்னது.

"இதை முன்னாலேயே சொல்லியிருந்தா, கத்துறதை விட்டுட்டு உன் முதுகுல ஒரு தட்டு தட்டியிருப்பேனே, அண்ணே!"

கடம்பன் தழையை அதன் பக்கம் இன்னும் நெருக்கித் தள்ளி வைத்தது.

மழை வந்தது. மலையிலிருந்து மான்கள் இறங்கி வந்தன. அந்த இளமான் இப்போது சிரிக்கவில்லை.

"உங்க அக்கா தினமும் எங்களைக் கேட்டுச்சு, அத்தை. 'வண்டிச் சத்தம் கேட்குதா, வண்டிச் சத்தம் கேட்குதா'ன்னு."

அடுத்த கோடையில் இரண்டும் மறுபடி கிளம்பின. உரல் ஊற்றங்கரையிலேயே கிடந்தது. புதுக் கட்டை ஒன்று வண்டியின் அடியில் எல்லாருக்கும் தெரியும்படி ஆடியது. வெயில் ஏறும் முன்பே நிறுத்தின. சமதரையாகப் பார்த்து நிறுத்தின. அலரி நொண்டி நொண்டி இறங்கும். கட்டையைக் காலால் தள்ளும். கடம்பனின் முதுகில் ஒரு தட்டு தட்டும். எல்லாம் எவ்வளவு சுலபமாக இருந்தது! போன கோடையிலேயே இப்படிச் செய்திருக்கலாமே என்று கடம்பன் நினைத்தது.

சுனை வந்தது. நாவல் மரத்தில் கூச்சல் எழவில்லை. கிளை காலியாக இருந்தது. போன மழைக்காலத்திலேயே அக்கா இறந்துபோய்விட்டது என்று ஒரு மைனா சொன்னது.

கடம்பன் நுகத்தடியிலிருந்து கழுத்தை எடுக்கப் போனது.

"இரு" என்றது அலரி, அதன் காதருகே வந்து.

இந்த முறை கடம்பனுக்குத் தெளிவாகக் கேட்டது. கழுத்தில் நுகத்தடியோடு அப்படியே நின்றது. அலரி அந்தக் கிளையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வெயில் சாய்ந்த பிறகுதான் கடம்பனின் முதுகில் தட்டு விழுந்தது.

தளர்ந்துபோனதைப் பிறர் சிரிப்புக்குப் பயந்து மறைத்தால், அதன் வலியை நம்மை நம்பிக் கூட வருபவர்களே சுமக்க நேரும்.